மைக் செட்காரர் சொன்ன வார்த்தை

பிப்ரவரி 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காக உனக்கு மாமாவாகிப்போனவன் எழுதுவது. நான் நலம். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு கொஞ்சம் கட்டை, இடுப்பு மட்டும் இன்னும் கோபித்துக்கொண்டிருக்கிறது. உன் அக்கா நலம். அது அவள் என்னைத் திட்டுகிற சத்தத்திலேயே தெரிகிறது. நீ, தங்கச்சி, பாப்பா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? பிரஷர் மாத்திரையை மறக்காதே. கட்சிக்கிளைச் செயலாளருக்கு அதுதான் முதல் தொண்டன்.

என் போனைச் சாட்சிப்பொருள் என்று சீல் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உன் அக்கா போனில் பேசலாம்தான். அவள் பக்கத்தில் நின்றால் எனக்கு வாய் எழும்பாது. அதனால்தான் கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் பேச வேண்டிய நேரத்தில் நான் பேசிவிட்டேன், படிப்பு அதோடு சரி. அந்த வியாதி இன்னும் தீரவில்லை என்பதை அன்றைக்கு நீயே பார்த்தாய்.

நீ மேடைக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாய். நான் மேடை ஓரத்தில், பெட்டிகளுக்கு நடுவில் இருந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தலைவர் வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்கள். யாரோ மைதானத்துக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். ஒரு அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். சரியாக அப்போதுதான் "மைக்கை டெஸ்ட் பண்ணுய்யா" என்றார்கள். ஒன் டூ த்ரீ சொல்லியிருக்கலாம். எனக்கு எப்போது ஒன்றுக்கு அப்புறம் இரண்டு வந்திருக்கிறது?

"ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். தலைவரு வேணா பாசிஸ்ட்டா இருந்துட்டுப் போகட்டும். கேட்டு என்னய்யா பாவம் பண்ணுச்சு? திறந்து விடுங்க, பிள்ளைங்க தண்ணிக்கு அழுவுது."

இவ்வளவுதான். மைதானமே சிரித்தது. கேட்டும் திறந்தது. போலீஸும் வந்தது. தலைவரை இழிவுபடுத்தினேன், பொது அமைதியைக் கெடுத்தேன் என்று வழக்கு. மூன்று வருஷம் வரைக்கும் போடலாமாம். செட்டு முழுவதும் ஸ்டேஷனில். எனக்கு ஜாமீன் கிடைத்தது, ஆம்ப்ளிபயருக்குக் கிடைக்கவில்லை.

நீ ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளாதே. பாப்பாவுக்கு முத்தம்.

உன் மாமா


பிப்ரவரி 24

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். அக்காவின் கைவலி எப்படி இருக்கிறது? ஒயர் சுருட்டும் வேலையை அவளிடம் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு எல்லாமே வேடிக்கை. அந்தக் கூட்டத்துக்கு உங்கள் செட்டைப் பேசிவிட்டவன் நான். மாவட்ட அலுவலகத்தில் என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். "உன் வீட்டு ஆளை நம்பித்தானே மைக்கைக் கொடுத்தோம்" என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் தினமும் தலைவரை அந்த வார்த்தையால் திட்டுகிறார்கள். அவர்கள் மேடையில் அவர்கள் திட்டட்டும். எங்கள் மேடையில், எங்கள் மைக்கில் நீங்கள் ஏன் சொன்னீர்கள்? தலைவர் ரோடு போட்டார், ஆஸ்பத்திரி கட்டினார். அதெல்லாம் உங்கள் கண்ணில் படவில்லையா?

ஒரு வழி இருக்கிறது. நான் கெஞ்சி வாங்கியிருக்கிறேன். அதே மைதானத்தில், அதே மைக்கில் நீங்கள் மன்னிப்புக் கேட்டால் புகாரைத் திரும்பப் பெறுவார்கள். நீங்கள் பேச வேண்டியதை அவர்களே எழுதித் தருவார்கள். படித்தால் போதும்.

அக்காவை நினைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே சளி, இருமல் தவிர எல்லோரும் சுகம். அக்கா கைக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டேன். "தம்பி சொன்னாத்தான் செய்வீங்களா?" என்று அதற்கும் திட்டினாள்.

மன்னிப்புக் கேட்பதில் எனக்கு ஒரு சங்கடமும் கிடையாது. கல்யாணமானவன், தினமும் கேட்கிறேன். ஆனால் எழுதிக் கொடுப்பதைப் படிக்க வேண்டும் என்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது. ஐந்தாம் வகுப்புக்காரன் எழுத்துக்கூட்டிப் படித்தால் விடிந்துவிடும்.

எனக்கு இதைவிட நல்ல யோசனை ஒன்று தோன்றியிருக்கிறது. ரோடு ரோலர் மாதிரி கேஸையே நசுக்கிவிடும் பார். நான் தலைவரைச் சொல்லவே இல்லை, உன்னைச் சொன்னேன்! நான் உன்னைக் குட்டித்தலைவர் என்று கூப்பிடுவது ஊருக்கே தெரியும். இன்னொரு செல்லப்பேர் பாசிஸ்ட். நீ கோர்ட்டில் வந்து, "ஐயா, அது மாமா எனக்கு வைத்த பேர், சின்ன வயசிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமன் மச்சினனைத் திட்டுவதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது. நீதிபதிக்கும் ஒரு மச்சினன் இருப்பான்.

உனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், தெரியும். யோசித்து எழுது. உன் அக்காவுக்கு இது தெரியாது.

உன் மாமா


மே 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உங்கள் நலம் அறியக் காத்திருக்கிறேன், காத்திருக்கிறேன், இன்னும் காத்திருக்கிறேன். நடுவில் ஒரு கடிதம் போட்டேன், அதற்கும் பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தெரு மாறிப் போகிறார். பாப்பா பரீட்சை எப்படி எழுதினாள்?

நான் சொன்ன யோசனையை மறந்துவிடு. வக்கீலம்மாவிடம் பெருமையாகச் சொல்லப்போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சாட்சிக்குக் கடிதம் போட்டீங்களா? பொய் சொல்லச் சொல்லியா? ஒரு கேஸ் பத்தாதா உங்களுக்கு?" என்றார். என்னிடம் பணம் வாங்காமல் வாதாடுகிறவர், கையை ஓங்காதது பெரிய விஷயம்.

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "என் தம்பியப் போய் நாலு பேர் முன்னாடி நின்னு நான்தான் பாசிஸ்ட்டுன்னு சொல்லச் சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் திட்டாமல் இருந்தால் எனக்குக் கைகால் ஓடாது என்பது உனக்குத் தெரியும். உன்னை வைத்தே சிரிக்கிற பழக்கத்தில் உன் முகத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன். அந்தச் செல்லப்பேர் கதையை நீ சொல்லவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

ஒரு வரி எழுது. திட்டியாவது.

மாமா


மே 19

மாமாவுக்கு,

நலம். பாப்பா நன்றாக எழுதியிருக்கிறாள்.

அரசுத் தரப்பில் முதல் சாட்சியாக என்னைப் போட்டிருக்கிறார்கள். ஜூலையில் வர வேண்டும். நான் என்ன சொல்ல வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். "கேட்டது, மனம் புண்பட்டது" இரண்டும் போதுமாம். மற்றதை யாரும் கேட்க மாட்டார்களாம்.

உங்கள் முதல் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "யாரோ கேட்டைப் பூட்டிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கேட்டு நேராகத் தெரியும். நான் சாவியைச் சட்டைப்பையில் போட்டதை நீங்கள் பார்க்கவில்லையா?

பதில் எழுதுங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

மாப்பிள்ளை


ஜூன் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்தது என்று சொன்னதும் அக்கா முகம் தெளிந்தது. என்ன எழுதியிருக்கிறாய் என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

சாவியைப் பார்த்தேன். வக்கீலம்மாவும் இதையேதான் கேட்டார். "எனக்குக் கண் பார்வை மட்டம்" என்று சொல்லிவைத்தேன். உன் பேர் என் வாயிலிருந்து வராது. சாட்சி சொல்வது உன் காரியம். இதைச் சொல், அதைச் சொல்லாதே என்று இரண்டாம் தடவை எழுத மாட்டேன், பட்டது போதும்.

நான் ஏன் மன்னிப்புக் கேட்கவில்லை என்று நீ மறுபடி கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். எழுத்துக்கூட்டிப் படிப்பது பற்றிச் சொன்னதெல்லாம் சும்மா. எல்லாக் கட்சிக்கும் செட்டு போடுகிறேன். ஒரு கட்சி மேடையில் பாசிஸ்ட் என்கிற வார்த்தை வாரத்துக்கு நூறு தடவை காதில் விழும். அர்த்தம் தெரியாமலே பழகிவிட்டது. வக்கீலம்மாதான் விளக்கினார். எதிர்த்துப் பேசுகிறவன் வாயை அடைப்பது, கூட்டத்தைக் கூட்டிக் காட்டிப் பயமுறுத்துவது, நான்தான் நாடு, என்னைத் திட்டினால் நாட்டைத் திட்டினாய் என்று உள்ளே தள்ளுவது, இதெல்லாம் சேர்ந்ததாம். ரோடு போட்டாரா, போட்டார். நம் செட்டு வண்டி அதில்தான் ஓடுகிறது. ஆனால் மைக்கில் ஒரு கிண்டல் அடித்தவனுக்கு மூன்று வருஷம் என்றால், நான் விளையாட்டாகச் சொன்னதை அவர்களே நிஜமாக்கிவிட்டார்களே! இப்போது மன்னிப்புக் கேட்டால், அடுத்தவன் ஒன் டூ த்ரீகூடப் பயந்து பயந்துதான் சொல்வான்.

பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. உன் அக்காவிடம் சொல்லவில்லை. அவளும் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிடுவதாக ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கொள்கிறோம்.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

மாமா


ஜூலை 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்து நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கோர்ட்டு வராந்தாவில் பக்கத்து பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் பேச முடியவில்லை. சாட்சியோடு பேசினால் தொலைத்துவிடுவேன் என்று வக்கீலம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உன் பெஞ்சில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு வந்தது உன் அக்கா. அவளுக்குச் சட்டம் கிடையாது.

நீ கூண்டில் நின்று பேசியதை எனக்கு நானே மறுபடி மறுபடி சொல்லிப் பார்க்கிறேன்.

"குற்றம் சாட்டப்பட்டவர் தலைவரை அப்படிச் சொன்னாரா?" என்று அரசு வக்கீல் கேட்டார். "சொன்னாரு" என்றாய். சரி, மூன்று வருஷத்துக்குத் துணி மடிக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நம் வக்கீலம்மா எழுந்தார்.

"கேட்டை யார் பூட்டினது?"

நீ தண்ணீர் கேட்டாய். குடித்தாய். "நான்தான்" என்றாய்.

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லலீங்க. கூட்டம் கலைஞ்சா பேப்பர்ல வர்ற படத்துல மைதானம் காலியாத் தெரியும். நானாத்தான் பூட்டினேன்."

"அவர் மைக்ல சொன்னதும் நீங்க என்ன பண்ணீங்க?"

"சிரிப்பு வந்திருச்சுங்க. அப்புறம் போய்த் திறந்து விட்டேன்."

கோர்ட்டே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. நீ வெளியே போகும்போது அவர்களில் ஒருவர்கூட உனக்கு வழிவிடவில்லை, அதையும் பார்த்தேன்.

நன்றி என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். நமக்குள் அந்தப் பழக்கம் கிடையாது.

மாமா


செப்டம்பர் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் நலம், இந்தத் தடவை உண்மையாகவே நலம். உன் பதில் ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நேற்றுத் தீர்ப்பு. விடுதலை! ஆம்ப்ளிபயருக்கும் சேர்த்துத்தான். உன் அக்கா கோர்ட்டு வாசலிலேயே ஒயரை எண்ணி வாங்கினாள். ஒரு குழாய் ஸ்பீக்கர் நசுங்கியிருக்கிறது என்று போலீஸ்காரரைப் பிடித்துக்கொண்டாள், அவர் தப்பித்தால் போதும் என்று ஓடினார்.

நீதிபதி நிதானமாகப் படித்தார். எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். ஒருவனைத் திருடன் என்றால் எதைத் திருடினான் என்று காட்ட வேண்டுமாம். இந்த வார்த்தை அப்படி இல்லையாம். ஆட்சியைப் பற்றி ஒருத்தனுடைய கருத்தாம். கருத்து கடுமையாக இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். பதில் சொல்லத் தலைவருக்கு நாட்டில் உள்ள மைக்கெல்லாம் இருக்கிறது, சிறைக்கதவைக் கொண்டு பதில் சொல்லக் கூடாது என்றார். இன்னொன்றும் சொன்னார். எல்லோரும் எல்லோர் மேலும் இந்த வார்த்தையை எறிந்துகொண்டிருந்தால், நிஜமான ஆள் வந்து நிற்கும்போது கூப்பிடப் பேர் இருக்காதாம். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது ஜனங்கள்தானாம், கோர்ட்டு இல்லையாம். அந்த இடத்தில் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மேல்கோர்ட்டுக்குப் போகப்போவதாகச் சொல்கிறார்கள். போகட்டும். ஒரு வரி எழுது.

மாமா


அக்டோபர் 14

மாமாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். எல்லோரும் உடம்பால் நலம். விடுதலை ஆனதில் சந்தோஷம். அக்காவிடம் சொல்லுங்கள்.

என் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். துரோகி என்று போஸ்டர் ஒட்டினார்கள். அதை எதிர்பார்த்தேன். மற்றதைத்தான் எதிர்பார்க்கவில்லை. நான் சொன்ன சாட்சி பேப்பரில் வந்தது அல்லவா? இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் பாசிஸ்ட் என்று எழுதியிருக்கிறது, தார் போட்டு. எழுதியவர்கள் உங்களை ஆதரிக்கிற எதிர்க்கட்சி ஆட்கள். போலீஸில் சொன்னேன். சுவர் உங்களுடையது, அழித்துக்கொள்ளுங்கள், வார்த்தைக்கு வழக்கு கிடையாது, உங்கள் மாமா வழக்கிலேயே தீர்ப்பு வந்துவிட்டது என்று சிரித்தார்கள். மேலே சுண்ணாம்பு அடித்தேன், தார் தெரிகிறது. "பாசிஸ்ட்டுன்னா என்னப்பா?" என்று பாப்பா கேட்டாள்.

நான் ஒருத்தரையும் அடித்ததில்லை. ஒரு கேட்டைப் பூட்டினேன், அவ்வளவுதான். கூட்டம் நன்றாக நடக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். நீங்கள் எல்லாவற்றையும் கிண்டல் செய்கிறவர். இதற்கு மட்டும் கிண்டல் இல்லாமல் பதில் சொல்லுங்கள். நான் அதுதானா?

மாப்பிள்ளை


நவம்பர் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சிக்குத் தைரியம் சொல். சுவரைச் சுரண்டி எடுக்க நானும் உன் அக்காவும் வருகிறோம். தார் மேல் சுண்ணாம்பு நிற்காது, உனக்கு யார் சொன்னது?

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். "நீ ஏன் அதுவாக இருக்கப் போகிறாய், எவன் சொன்னான்" என்று எழுதினேன். அதைத் தபாலில் போடவில்லை. அதற்குள் ஒன்று நடந்துவிட்டது.

எதிர்க்கட்சிக்காரர்கள் கருத்துரிமை வெற்றிக்கூட்டம் என்று நடத்தினார்கள். செட்டு என்னுடையது. வக்கீலம்மா பேசினார். என் வழக்கைச் சொன்னார், கைதட்டல். பிறகு உன்னிடம் வந்தார். "கேட்டைப் பூட்டினவர் கோர்ட்ல வந்து உண்மையைச் சொன்னாராம், நல்லது. ஆனா யாரும் சொல்லாமலே பூட்டினேன்னு சொன்னாரே, அதைக் கவனிச்சீங்களா? ஒரு தலைவரால மட்டும் பாசிசம் நடக்காது. சொல்லாமலே பூட்டுற ஆள் ஊருக்கு ஒருத்தர் வேணும்" என்று சொல்லி, உன் பேரை எடுத்தார்.

மைக்கை அணைத்துவிட்டேன்.

இத்தனை வருஷத்தில் எந்தக் கட்சிக்காரன் பேச்சையும் நான் நடுவில் அணைத்ததில்லை. என்னையே திட்டினவனுக்கும் சத்தம் குறைத்ததில்லை. எனக்கு விடுதலை வாங்கிக்கொடுத்த அம்மா, கருத்துரிமைக் கூட்டம், என் விரல். மைதானம் கத்தியது. "ஒயர் கோளாறு, ஒயர் கோளாறு" என்று நானும் கத்தினேன். பக்கத்தில் உன் அக்கா ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "எந்த ஒயரு?" என்று கேட்டாள்.

உன்னை அவள் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவள். அவளே கேட்டுவிட்டாள்.

மறுபடி போட்டேன். மேடைக்குப் போய் மைக்கை வாங்கி, "ஒயர்ல ஒண்ணுமில்ல. நான்தான் அணைச்சேன். அவன் என் மச்சினன். அம்மா, நீங்க விட்ட இடத்துலேருந்து பேசுங்க" என்றேன். அவர் விட்ட இடத்திலிருந்துதான் பேசினார், ஒரு வார்த்தை குறைக்கவில்லை. "இதோ, சொல்லாமலே பூட்டுற ஆள் இன்னொருத்தரை இப்பப் பாத்தீங்களே" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. கிண்டல் வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் அன்றைக்குத்தான் முதல்முறை நின்றேன். அங்கே நன்றாக இல்லை மாப்பிள்ளை. உன்னை இத்தனை வருஷம் அங்கேயே நிற்கவைத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்கு ஆம், இல்லை என்று சொல்ல எனக்குப் படிப்பு பத்தாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அணைக்கும்போது கெட்டது செய்கிற மாதிரியே தெரியவில்லை. என் வீட்டு மனுஷனைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் இருந்தது. உனக்கும் அன்றைக்கு நல்லது செய்கிற மாதிரிதான் இருந்திருக்கும். பயப்பட வேண்டியது அதற்குத்தான் போலிருக்கிறது. பாப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் இதைச் சொல்லிப்பார்.

கூட்டம் முடிந்ததும் வக்கீலம்மாவிடம் பேசினேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு அவர்களுக்கு இன்னொரு கூட்டம். நீ வந்து பதில் சொல்லலாம், யாரும் குறுக்கே பேச மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார். உன் கட்சியைத் தூக்கிப் பேசு, அவரைத் திட்டு, என்னைத் திட்டு. நான் கையைக் கட்டிக்கொண்டு கீழே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பேன். செட்டுக்கு உன் அக்கா பொறுப்பு.

வருகிறாயா என்று உடனே எழுது. வந்தால் மைக் ஸ்டாண்டை உன் உயரத்துக்கு இறக்க வேண்டும், அதுதான் பெரிய சிக்கல். நம்மிடம் இருப்பது அவ்வளவு தூரம் இறங்காது.

உன் மாமா